நாலடுக்குக் கேரியரும் பூஜ்ஜிய வரிகளும்

இனிமேல் வீட்டில் எதையும் ஞாபகத்தை நம்பி விடுவதில்லை என்று அன்சார் சபதம் எடுத்தது ஒரு சனிக்கிழமை மதியம், பட்டர்ஸ்காட்ச் டப்பாவின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது.

டப்பாவுக்குள் ஐஸ்கிரீம் இல்லை. மீன்குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு இருந்தது. அது தெரிந்தும், கொச்சியில், கொச்சங்காடியில் அவன் வேலை பார்க்கும் மிளகு ஏற்றுமதி அலுவலகத்தில், எதிர் நாற்காலி ரமேஷ்பாபு தினமும் ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு வந்து நிற்பான்.

"இன்னிக்கு என்ன ஃப்ளேவர், அன்சாரே?"

"சோறு."

"மேல செர்ரி வெச்சிருக்கு?"

"அது மிளகாய்."

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு மேனேஜர் ஸுப்ரியா மேடம் அந்தப் பக்கமாக வந்தார். டப்பாவைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க அன்சார். தினமும் ஒரு டப்பா ஐஸ்கிரீம் இந்த வயசுல வேண்டாம். சுகர் டெஸ்ட் ஒண்ணு எடுத்துடுங்க" என்றார்.

அன்சாரிடம் ஒரு கேரியர் இருந்தது. எவர்சில்வர், நாலு அடுக்கு, பக்கத்துக் கொக்கி விழும்போது 'டக்' என்று கார் கதவைச் சாத்துவதுபோல் ஒரு சத்தம். அவன் வீட்டில் அவனுக்கு முன்னால் யாரும் மேஜை முன் உட்கார்ந்து வேலை பார்த்ததில்லை. அவன் அத்தா கடைசிவரை மூட்டை மேல் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டவர். அதனால் முதல் சம்பளத்தில் அந்தக் கேரியரை வாங்கினான். மதியம் அதை அடுக்கடுக்காகக் கழற்றி மேஜைமேல் வரிசையாக வைக்கும்போதுதான் தான் படித்தவன் என்று அவனுக்கே நம்பிக்கை வரும். சோறு, குழம்பு, பொரியல், ஒரு வறுவல். ரமேஷ்பாபு அப்போதெல்லாம் கரண்டியோடு வந்தான் என்றால் அதற்கு அர்த்தமே வேறு.

அந்தக் கேரியர் இப்போது வீட்டில் இல்லை.

சாயங்காலம் மட்டாஞ்சேரி வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டான்.

"ரஃபீனா, என் கேரியர் எங்கே?"

"பத்திரமா இருக்கு, இக்கா."

"எங்கே பத்திரமா இருக்கு?"

"ஜுமைலாத்தா வீட்டுல. நோம்பு துறக்க நாலு ஐட்டம் கொடுத்துவிட்டோமே, அதுல போனது."

"நோம்பு போயாச்சு. பெருநாள் போயாச்சு. ஹஜ்ஜுப் பெருநாளும் போயாச்சு."

"பின்னே? வெறுங்கேரியரையா திருப்பித் தருவாங்க? நாலடுக்கும் நிறையணும்ல. அவங்களுக்கும் சமயம் கிட்டணும்."

"அதுவரைக்கும் எனக்கு ஐஸ்கிரீம் டப்பாவா?"

"கழுவ எளுப்பமா இருக்கு."

"நான் போய்க் கேட்டு வாங்கட்டுமா?"

ரஃபீனா கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "கொடுத்த பாத்திரத்தைக் கேட்டு வாங்குறதா? அதுக்கு நான் தெரு நடுவுல நின்னு 'எங்களுக்குக் கஷ்டம், எங்களுக்குக் கஷ்டம்'னு விளிச்சுச் சொல்லலாம்."

இந்தச் சந்தின் சட்டம் அப்படி. ஒரு வீட்டிலிருந்து பாத்திரத்தில் ஏதாவது வந்தால் அந்தப் பாத்திரம் வெறுமையாகத் திரும்பக் கூடாது. கேட்டும் வாங்கக் கூடாது. ஆகவே ஒவ்வொரு பாத்திரமும் தனக்கான பலகாரம் பிறக்கும்வரை அடுத்தவர் வீட்டுப் பரணில் காத்துக் கிடக்கும். ரஃபீனாவின் அடுக்களையில் அவர்களுக்குச் சொந்தமான பாத்திரம் என்று பிரஷர் குக்கர் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. மற்றதெல்லாம் பக்கத்து வீட்டு ஜுமைலாத்தாவின் வட்டா, மாடிவீட்டு மூக்கம்மாள் அக்காவின் சட்டி, பின்வீட்டுக் கனகாம்பாள் மாமியின் உருளி, அவர்களுடைய கிண்ணங்கள், தூக்குகள், மூடிகள். துறைமுகத்தில் கிளியரன்ஸுக்கு நிற்கும் சரக்கு மாதிரி அடுக்கி நின்றன. சாயா போடும் பாத்திரமும் எங்கேயோ போயிருந்ததால் ரொம்ப நாளாக அந்த வீட்டில் சாயா குக்கரில்தான். விருந்தாளி வந்தால் ரஃபீனா அடுக்களையிலிருந்து, "சாயா இப்ப வந்துடும், இன்னும் ஒரு விசில்" என்பாள்.

"இதுக்கு ஒரு முடிவு கட்டறேன்" என்றான் அன்சார். "எல்லாப் பாத்திரத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தப் போறேன். எது யாருடையது, எது எங்கே இருக்கு, எதைக் கொடுத்து எதை வாங்கணும், எல்லாம் அது சொல்லும். நான் போய்க் கேட்டாத்தானே குறைச்சல்? சிஸ்டம் கேட்டா அது நடைமுறை."

"அப்ப இனிமே நான் எதையும் ஞாபகம் வெச்சுக்க வேண்டாம்?"

"வேண்டாம்."

"நல்ல காரியம் இக்கா. உட்காருங்க. சாயா வெக்கிறேன்."

ரஃபீனா ஒரு விஷயத்துக்கு உடனே சம்மதித்தால் அதற்குள் எங்கோ ஒரு கண்ணி இருக்கிறது என்பது அவன் கல்யாணமான முதல் மாதத்திலேயே கற்ற பாடம். ஆனால் கற்றதெல்லாம் சமயத்துக்கு ஞாபகம் வந்தால் அவன் ஏன் சபதம் எடுக்கப் போகிறான்?

அலுவலகத்தில் அன்சாருக்கு இதுதான் வேலை. கிளைகளிலிருந்து எக்செல் கணக்கையெல்லாம் வெறும் எழுத்துக் கோப்பாக அனுப்புவார்கள். வரிக்கு ஒரு சரக்கு. அதன் விவரங்களுக்கு நடுவில் ஒரு கமா. சி.எஸ்.வி. என்று பெயர். அதை ஒரு டேட்டாபேஸ்போல நினைத்துக்கொண்டு, 'களமசேரி கிளையின் மிளகை மட்டும் எடு' என்று கேள்வி கேட்கிற மாதிரி பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு நிரல் எழுதி வைத்திருந்தான். அந்த நிரலையே வீட்டுக்கும் பயன்படுத்தினால் போயிற்று. மிளகு இருந்த இடத்தில் வட்டா. அவ்வளவுதான்.

ரஃபீனா அடுக்களையிலிருந்து சொல்லச் சொல்ல, அவன் கட்டிலில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு தட்டினான். பாத்திரம், அது சம்பந்தப்பட்ட வீடு, உள்ளே இருந்த பதார்த்தம். மற்ற எதையும் தட்டுவதற்கு முன்னால், மரியாதைக்காக, முதல் வரியில் தன் கேரியரை உட்கார வைத்தான். 'கேரியர், ஜுமைலாத்தா, நோம்புப் பலகாரம்.'

எல்லாம் ஏற்றியதும் கையைத் தேய்த்துக்கொண்டு முதல் கேள்வியைக் கேட்டான். பாத்திரம் 'கேரியர்' என்று இருக்கும் வரியை எடு.

பூஜ்ஜியம் வரிகள் என்று வந்தது.

"என்ன சொல்லுது?" என்றாள் ரஃபீனா.

"ஒண்ணும் சொல்லலை."

"பிணக்கமா?"

"தப்புன்னும் சொல்லலை. பதிலும் சொல்லலை. சும்மா இருக்கு."

"அது எனக்குப் பழகினதுதான். ரெண்டு வாட்டி கேளுங்க, காது கேட்கும்."

இரண்டு தடவை கேட்டான். ஏழெட்டுத் தடவை கேட்டான். 'கேரியர்' என்ற வார்த்தைக்குப் பின்னால் ஏதாவது கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று பார்த்தான். எதற்கும் இருக்கட்டும் என்று கோப்புக்கு ஒரு நகல் எடுத்து 'பாத்திரம் இறுதி' என்று பெயர் வைத்தான். பிறகு 'பாத்திரம் உண்மையான இறுதி'. பிறகு 'பாத்திரம் இதுதான்'.

"இக்கா, கேரியர் ஜுமைலாத்தா வீட்டுலன்னு நீங்கதானே இப்ப தட்டினீங்க?"

"ஆமா."

"அதையேதான் திருப்பிக் கேட்கறீங்க?"

"ஆமா."

"அது தெரிஞ்ச விஷயம்தானே?"

"எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியணும்ல."

ரஃபீனா குக்கரில் தண்ணீர் பிடித்தாள். பிறகு, "நல்லா தேடுங்க. அவசரமே இல்லை" என்று குக்கரை அடுப்பில் ஏற்றினாள்.

கேள்வியை விட்டுவிட்டு, கோப்பில் இருப்பதையெல்லாம் அப்படியே கொட்டச் சொன்னான். கொட்டியது. வாசித்தான்.

"ரஃபீனா, நம்ம சந்துல 'மூடியோட'ன்னு யாராவது இருக்காங்களா?"

"மூடியோட?"

"மூடியோட வீட்டுலேர்ந்து ஒரு வட்டா வந்திருக்கு. உள்ளே ஜுமைலாத்தா இருந்திருக்காங்க."

"ஜுமைலாத்தாவா? அவங்க வட்டாக்குள்ள கொள்ள மாட்டாங்களே இக்கா. அதுக்கு பிரியாணிச் செம்புதான் வேணும்."

கோப்பைப் பார்த்தான். 'வட்டா, மூடியோட, ஜுமைலாத்தா, கோழிக்கறி' என்று அவன் கைதான் தட்டியிருந்தது. வட்டாவுக்கு மூடி உண்டு என்பதை மறந்துவிடக் கூடாதே என்ற கவனத்தில் நடுவில் ஒரு கமா. அந்தக் கமாவைக் கண்டதும் நிரல் அடுத்த அறைக்குப் போய்விட்டது. மூடி வீட்டுக்காரராகி, வீட்டுக்காரர் கறியாகி, உண்மையான கோழிக்கறிக்கு இடமில்லாமல் வெளியே நின்றுகொண்டிருந்தது. இப்படி மூடியுள்ள எல்லாப் பாத்திரத்திலும் ஒரு மனுஷர் வெந்துகொண்டிருந்தார். தூக்கில் மூக்கம்மாள் அக்கா. உருளியில், சுத்த சைவமான கனகாம்பாள் மாமி.

'வட்டா, மூடியோட' என்பதை மேற்கோள் குறிக்குள் அடைத்து, ஒவ்வொருவரையும் பாத்திரத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டு, மறுபடி கேரியரைக் கேட்டான்.

பூஜ்ஜியம் வரிகள்.

ரமேஷ்பாபுவைப் போனில் அழைத்தான்.

"டேய், நம்ம மிளகு ப்ரோக்ராம்ல ஒரு வரியைத் தேடறேன். இருக்கு, ஆனா கிடைக்க மாட்டேங்குது."

"எந்தக் கிளை?"

"எங்க வீடு."

"வீட்டுல மிளகு காணலையா?"

"கேரியர்."

"அன்சாரே, மேடம் சொன்னது சரிதான். தலைக்கு ஏறிடுச்சு. திங்கக்கிழமை முதல்ல அந்த சுகர் டெஸ்ட்டை எடு."

கடைசியில் விரல்விட்டு எண்ணினான். கோப்பில் உள்ள வரிகளை ஒரு தரம். நிரல் படித்த வரிகளை ஒரு தரம். நிரல் ஒன்று குறைவாகப் படித்திருந்தது. குறைந்தது முதல் வரி. நிரலைத் திறந்து மேலிருந்து வாசித்தபோது அது கண்ணில் பட்டது. கிளைகளிலிருந்து வரும் கோப்புகளில் முதல் வரி எப்போதும் தலைப்பு. 'முதல் வரியைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து படி' என்று எழுதி வைத்திருந்தவன் அவனேதான். முதல் வரிசையில் மாலை போட்டு உட்கார வைத்த கேரியரை, வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்ப ஆள் போட்டதும் அவனேதான்.

கோப்பின் தலையில் ஒரு தலைப்பு வரியைச் சேர்த்தான். கேட்டான்.

ஒரு வரி. கேரியர், ஜுமைலாத்தா வீடு.

அன்சார் கட்டிலிலிருந்து எழுந்து நின்று அதை இரண்டு தடவை உரக்க வாசித்தான்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் ரஃபீனா. "நானும் சாயங்காலம் அதைத்தானே சொன்னேன்?"

"நீ சொன்னது ஞாபகம். இது ரிசல்ட்."

"நாளைக்குக் காலையில போவீங்களா?"

"நீ கடை டியூட்டிக்குப் போனதும் போறேன். நம்ம வீட்டுல இருக்கற அவங்க பாத்திரத்தை எல்லாம் கொடுத்து, நம்மளுதை வாங்கிட்டு வந்துடறேன். ஒரே ட்ரிப்."

"நீங்களேவா? நல்லது." ரஃபீனா போனை எடுத்துக்கொண்டு, துணி எடுக்க வேண்டும் என்று மொட்டைமாடிக்குப் போனாள். துணியை எல்லாம் அவள் மதியமே எடுத்து மடித்து வைத்திருந்தது அவனுக்கு அப்போது உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரஃபீனா வேலை பார்க்கும் மெடிக்கல் ஷாப்பில் அவளுக்குக் காலை டியூட்டி. அவள் தலை மறைந்ததும் அன்சார் வட்டா, சட்டி, உருளி, கிண்ணம், தூக்கு என்று எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்தான். முகம் பார்க்கலாம்போல் மின்னின. அவனுடைய முகம்தான் தெரிந்தது, ரொம்பத் திருப்தியாக.

அந்தத் திருப்தியில் ஒரு சின்ன விஷயம் விட்டுப்போயிற்று. கோப்பில் பாத்திரம் இருந்தது, வீடு இருந்தது, வரும்போது உள்ளே என்ன இருந்தது என்பதும் இருந்தது. போகும்போது உள்ளே என்ன போக வேண்டும் என்று ஒரு கட்டம் அவன் போடவே இல்லை. கம்ப்யூட்டர் கேட்காததால் அவனுக்கும் தோன்றவில்லை.

முதலில் ஜுமைலாத்தா வீடு. வட்டாவை நீட்டினான். ஜுமைலாத்தா சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்து, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன மோனே, ரஃபீனாக்குச் சுகமில்லியா?"

"நல்லா இருக்கா, இத்தா."

"பின்னே நம்மகூட ஏதெங்கிலும் பிணக்கமா?"

"அய்யோ, இல்லை இத்தா. இது சிஸ்டம். பாத்திரம் எல்லாம் அவங்கவங்க வீட்டுக்குத் திரும்பணும்னு… அதுல எங்க கேரியர் உங்ககிட்ட இருக்கறதா வருது."

"கேரியரா? அது நேத்து ராத்திரியே மூக்கம்மா வீட்டுக்குப் போயிடுச்சே. அரிசிப் பத்திரி வெச்சு அனுப்பினேன்." ஜுமைலாத்தா வட்டாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "ஆகட்டும் மோனே. வெறும் வட்டா. ஆகட்டும்." கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

மாடிக்கு ஏறினான். மூக்கம்மாள் அக்கா திருநெல்வேலிப் பக்கம். சந்தை முனையில் வடைக்கடை போட்டிருப்பவர். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. சட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை.

"என்ன தம்பி, வெறுஞ்சட்டியைக் கொண்டாந்து நீட்டுதிய. வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறியளோ?"

"இல்லக்கா."

"கல்ஃப்புக்கா?"

"இல்லக்கா. கேரியர்…"

"இன்னா, காலையிலதான் மாமிக்குக் கொடுத்து விட்டேன். நாலடுக்கும் பணியாரம் வச்சு. நீங்க சொல்லாட்டிப் போங்க. போறவுக சொல்லிட்டா போவாக." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையிலேயே கண்ணீர் வந்திருந்தது. ரஃபீனா மேல் அவருக்கு அவ்வளவு உயிர்.

பின்வீட்டின் மேல்தளத்தில் கனகாம்பாள் மாமி கதவைத் திறந்து, உருளியை இரண்டு விரலால் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நன்னா தேய்ச்சிருக்கே. உள்ளேதான் ஒண்ணுமில்லை. அன்சாரே, ரஃபீனாவும் நீயும் சண்டையோன்னோ? எங்கிட்டே சொல்லு, நான் பேசறேன்."

"சண்டை இல்லை மாமி. எங்க கேரியர் இங்க வந்ததா மூக்கம்மாக்கா…"

"வந்துது, வந்துது. பணியாரம் பேஷா இருந்தது. வந்த பாத்திரத்தை வெறுமே வெச்சுக்கப்படாதுன்னு உடனே அவியல் பண்ணி ஜுமைலாவுக்குக் கொடுத்தாச்சு."

"எப்போ மாமி?"

"இதோ, இப்போ."

மாமியின் தோளுக்கு மேலாக, பின்பக்க ஜன்னல் வழியே அன்சார் அதைப் பார்த்தான். மாமியின் மருமகள் விஷ்ணுப்ரியா கயிறு கட்டி இறக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த முற்றத்தில் ஜுமைலாத்தா அண்ணாந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். நடுவானத்தில், நாலடுக்கும் வெயிலில் பளபளக்க, அவன் கேரியர் மெல்ல ஆடிக்கொண்டே கீழே போயிற்று. அவன் சந்து சுற்றி ஓடி ஜுமைலாத்தா வாசலுக்கு வந்தபோது கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "வெறும் வட்டாதானே மோனே. ஆகட்டும்."

மதியம் ரஃபீனா வீட்டுக்கு வந்தபோது அன்சார் குக்கருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"கடைக்கு வந்தவங்க எல்லாம் என்கிட்ட துக்கம் விசாரிக்கறாங்க" என்றாள். "பாதிப் பேர் நீங்க என்னை விட்டுட்டீங்கன்றாங்க. பாதிப் பேர் நீங்க வேலையை விட்டுட்டீங்கன்றாங்க. ஒருத்தர் எனக்கு இலவசமா தலைவலி மாத்திரை வாங்கித் தர்றேன்னார், என் கடையிலேயே."

"நான் கழுவித்தான் கொடுத்தேன்."

"கழுவினதுதான் குத்தம். கொஞ்சமாவது ஒட்டிட்டு இருந்தா மறந்துட்டார்னு நினைச்சிருப்பாங்க. தேய்ச்சுப் பளபளன்னு கொடுத்தா, இனிமே உங்க உறவே வேண்டாம்னு அர்த்தம்."

"இப்ப என்ன செய்யறது?"

"மூணு வீட்டுக்கும் சாயங்காலத்துக்குள்ள ஏதாவது நிறைச்சு அனுப்பணும். வெறுங்கையா கொடுத்தது யாரோ அவங்க கையால சமைச்சு."

"எனக்குச் சமைக்கத் தெரியாதே ரஃபீனா."

"எல்லாம் நடைமுறைப்படின்னு நேத்து ஒருத்தர் சொன்னாரே."

ஆகவே அன்சார் சமைத்தான். மாமிக்கும் ஆகும், மற்ற இரண்டு வீட்டுக்கும் ஆகும் என்று மரவள்ளிக்கிழங்கு, கப்பை. அந்த இரண்டு வீட்டுக்கு மட்டும் கூட ஒரு மீன்கறி. எல்லாவற்றுக்கும் ஒரே பாத்திரம், அந்தக் குக்கர். கப்பை வெந்ததும் அதை ஒரு வாளியில் கொட்டி, குக்கரைக் கழுவி, மீனை ஏற்றினான். ரஃபீனா நாற்காலி போட்டு உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, சொல்லிக் கொடுத்தாள்.

"கப்பைக்குத் தேங்காய் அரைங்க. அதுல ஜீரகம்."

"எவ்வளவு?"

"பார்த்துப் போடுங்க."

"பார்த்துன்னா? ஒரு அளவு சொல்லு."

"டேட்டாபேஸ்ல இல்லியா?"

அளவு தெரியாத பயத்தில் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் ருசி பார்த்து, கோப்பில் கமாவைத் தேடிய அதே கவனத்தோடு கிளறினான். கொடுத்தனுப்பப் பாத்திரம் இல்லாததால் எல்லாம் ஐஸ்கிரீம் டப்பாக்களில்தான் போயிற்று. கப்பையைச் சுமந்துகொண்டு ஸ்ட்ராபெரி மாடியேறியது. வெனிலா மாமி வீட்டுக்குப் போனது. ஜுமைலாத்தாவின் கதவு பட்டர்ஸ்காட்சுக்குத் திறந்தது.

சோதனை என்னவென்றால், கப்பை பிரமாதமாக அமைந்துவிட்டது.

மஃரிப் தொழுகைக்கு முன்னால் மூன்று பேரும் ஒன்றாக வாசற்படி ஏறி வந்தார்கள். மூக்கம்மாள் அக்கா முகத்தில் கண்ணீரின் சுவடே இல்லை. "தம்பி, என் வீட்டுக்காரரு இத்தனை வருசத்துல ஒரு வெந்நீர் போட்டதில்ல. என்னா கை உங்களுக்கு." மாமி, "ஜீரகம் கணக்கா விழுந்திருக்கு" என்றார். ஜுமைலாத்தா முக்காட்டுக்குள்ளிருந்து அதை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

கேரியர். நாலடுக்கும் நிறைந்து, கொக்கி மாட்டி.

அன்சார் கொக்கியை விடுவித்தான். 'டக்.' ஒவ்வொரு அடுக்காகக் கழற்றி மேஜைமேல் வரிசையாக வைத்தான். நாளை மதியம் ரமேஷ்பாபுவின் முகம், ஸுப்ரியா மேடத்தின் முகம், எல்லாம் கண்முன் வந்தது. விருந்து உண்டு, பேசிச் சிரித்து, மூன்று பேரும் இறங்கிப் போனார்கள்.

ரஃபீனா கேரியரைக் கழுவித் துடைத்து அவன் முன்னால் வைத்தாள்.

"நாளையிலேருந்து இதுல கொண்டு போங்க, இக்கா."

"ம்."

"நாலடுக்கு. சோறு, குழம்பு, பொரியல், வறுவல்."

"ம்."

"காலையில நாலே முக்காலுக்கு அலாரம் வெச்சிருக்கேன்."

"எதுக்கு அவ்வளவு சீக்கிரம் எந்திரிக்கிறே?"

"நானா? எனக்கு எதுக்கு? நீங்கதானே சமைக்கப் போறீங்க. உங்க கையை வீட்டுல வெச்சுக்கிட்டு நான் சமைச்சா மூணு வீட்டுலயும் என்னைச் சும்மா விடுவாங்களா? ஜுமைலாத்தா கேட்டாச்சு, 'இத்தனை நாளும் ஏன் அவனை அடுக்களைக்குள்ள ஏத்தாம வெச்சிருந்தே'ன்னு."

அன்சார் கேரியரைப் பார்த்தான். கல்யாணமான புதிதில் விடியுமுன் அடுக்களையில் விளக்கு எரிந்ததும், தேங்காய் அரைக்கும் சத்தம் கேட்டதும், தான் புரண்டு படுத்துக்கொண்டதும் ஞாபகம் வந்தன. கேரியர் வீட்டை விட்டுப் போன நாளிலிருந்து அந்த விளக்கு எரியவில்லை என்பதும் ஞாபகம் வந்தது. டப்பாவுக்கு ஒரு குழம்பு போதும்.

"ரஃபீனா, ஜுமைலாத்தா இதை எத்தனை தடவை திருப்பித் தர வந்தாங்க?"

"கோப்புல கேட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவள் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

அவன் கேட்கவில்லை. அலாரத்தை நினைத்தபடி படுத்துக் கிடந்தான். அது அடிக்கக் காத்திருக்கும் கணிசமான நேரத்தில், ரமேஷ்பாபுவின் கேலியையும் விடியலுக்கு முன் அரைக்க வேண்டிய தேங்காயையும் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தான். பிறகு சத்தமில்லாமல் எழுந்தான். அலாரத்தை அணைத்தான். மிச்சம் இருந்த கப்பையை முதல் அடுக்கிலும், இரண்டு நேந்திரம்பழத்தை வெட்டி இரண்டாவதிலும், பிஸ்கட்டை மூன்றாவதிலும் வைத்தான். நாலாவதுக்கு ஒன்றும் கிடைக்காமல் ஒரு கை சர்க்கரை போட்டான். வெறுமையாகப் போகக் கூடாது என்பதை அவன் இப்போது கற்றிருந்தான். கொக்கி சத்தம் போடாமல் இருக்கத் துணி சுற்றிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஜுமைலாத்தா வாசலுக்கு வந்து, கதவைத் தட்டக் கையை ஓங்கினான்.

தட்டுமுன் கதவு திறந்தது. ஜுமைலாத்தா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"எந்தா மோனே இத்தனை நேரம்? பாங்கு விளிக்கறதுக்கு முன்னாடியே நீ கொண்டாருவேன்னு ரஃபீனா நேத்தே சொன்னாளே."